திரும்பிப் பார்க்கும் பயணி

எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரு விமானம் தீப்பிடிக்கிறது. நைனா ஆடுகளுக்குத் தழை போட்டு முடித்ததும், நான் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு நடுவீட்டில் வந்து நிற்பேன். தீயை அணைப்பது என் வேலை இல்லை. ஆட்களை வெளியே அனுப்புவதுதான் என் வேலை.

கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீடு மொத்தமே இரண்டு அறை. பின்வாசலில் நின்றால் முன்வாசலும் தெருவும் தெரியும். அந்த நேர்கோடுதான் விமானத்தின் நடைபாதை. சென்னையில் நான் விமானப் பணிப்பெண் பயிற்சி படிக்கிற இடத்தில் ஒரு கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். மூக்கில் கனமாக உட்காரும். அதை மாட்டிக்கொண்டால் வீடு வீடாகவேதான் தெரியும். ஆனால் சுவரோரம் இருக்கைகள் முளைத்துவிடும். பரணுக்குக் கீழே பெட்டி வைக்கிற தட்டு நீளமாக ஓடும். எங்கள் முன்வாசல் அவசரக் கதவாகிவிடும். பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். மணி அடிக்கும், அடுப்பங்கரைப் பக்கமிருந்து புகை வரும், நான் கத்த ஆரம்பிக்க வேண்டும்.

சும்மா கத்தினால் போதாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள் என்று முதலில் இங்கிலீஷில், அப்புறம் தமிழில் கத்த வேண்டும். கண்ணாடி என் குரலை அளக்கும். மெதுவாகச் சொன்னால் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். இதனால் தெருவில் என் மானம் போனதுதான் மிச்சம். எதிர்வீட்டு விஜி அக்கா தண்ணீர்க் குடத்தோடு போகும்போது தினமும் கேட்பாள். "இன்னா மோனி, இன்னிக்கு எத்தினி பேர காப்பாத்தன?"

"எல்லாரையும்தான்க்கா" என்பேன். பொய். ஒருத்தியைத் தவிர எல்லாரையும்.

அந்த ஒருத்திக்குச் செம்பட்டை முடி. நீலக் கோட்டும் பேன்ட்டும் போட்ட, நெட்டையான வெள்ளைக்காரி. கதவுக்குப் பக்கத்து இருக்கைதான் அவளுக்கு. மணி அடித்ததும் முதல் ஆளாக எழுந்து வருவாள், கதவுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிடுவாள். நின்று, பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் முட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொருவராக அவளை ஒதுக்கிக்கொண்டு போவார்கள். பாடத்தில் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் 'திரும்பிப் பார்க்கும் பயணி'.

"ஒவ்வொரு ஃப்ளைட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க" என்று வகுப்பில் வரலட்சுமி மேடம் சொன்னார். "பையைத் தேடுவாங்க, புருஷனைத் தேடுவாங்க. வாசல்ல நின்னு திரும்பினா பின்னாடி இருக்கற அத்தனை பேரும் காலி. முதுகுல ரெண்டு கையையும் வெச்சுத் தள்ளணும். தள்ளத் தெரியாதவ இந்த வேலைக்கு வரக்கூடாது."

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்தவளுக்குத் தள்ளச் சொல்லித் தர வேண்டுமா என்ன? வகுப்பில் மற்ற எல்லாப் பாடத்திலும் நான்தான் முதல். ஆனால் இந்த வெள்ளைக்காரியைத் தள்ள என்னால் முடியவில்லை. ஏனென்றால் அவள் என் அம்மா.

பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெரு ஸ்ரீதர் அண்ணன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். இந்த மாதிரிப் பயிற்சிக்கான பொய் விமானங்களைக் கம்ப்யூட்டரில் செய்கிற கம்பெனி. அதில் நடமாடும் பயணிகளுக்கு முகத்தையும் உடையையும் அவர்களே வரைந்துவிடுவார்களாம். நடை மட்டும் உண்மையான மனுஷர்களுடையதாக இருக்க வேண்டும். அதுவும் விமானத்தில் ஏறியே இராதவர்கள் பதறுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். "அதுக்கு நம்ம ஊரு ஆளுங்கள வுட்டா யாரு?" என்று அண்ணன் போன வருஷம் ஆடி மாதத்தில் திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடக்கும். கண்டிகையிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப் போனார்கள். நைனாவும் அம்மாவும் அன்றைக்குக் களை எடுக்கிற வேலைக்குப் போகாமல் அதற்குப் போனார்கள். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகக் கட்டி நடுவில் பாதை விட்டிருந்தார்கள். சுவரெல்லாம் கேமரா. ஒவ்வொருவருக்கும் கை, கால், இடுப்பு, முதுகு என்று கறுப்புப் பட்டைகள் கட்டினார்கள். பட்டையில் சின்னச் சின்ன விளக்கு. புடவைக்கு மேலேயே அம்மாவுக்குக் கட்டினார்கள். கட்ட வந்த பெண்ணின் கை பட்டதும் கூச்சம் தாங்காமல் அம்மா சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

வம்பு பண்ணியது நைனா. அவர் காவடிக்கு மாலை போட்டிருந்தார். மஞ்சள் வேட்டி, காலில் செருப்பு கிடையாது. பட்டையைக் கையில் வாங்கியவர், சட்டென்று கீழே வைத்துவிட்டார். "இது தோலு. மாலை போட்டுகினு கீறேன். தோலு தொட மாட்டேன்" என்றார்.

பட்டை கட்டுகிற பையன்களுக்கு அவசரம். "சரி, அவரு சும்மா ஒக்காரட்டும். கூட்டத்துக்கு ஆச்சு" என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அம்மாவுக்குக் கதவோரம் இடம். "நானும் அவரு கூடவே ஒக்காந்துக்கறனே" என்று கேட்டுப் பார்த்தாள். சீட்டு மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மணி அடித்தது. எல்லாரும் ஓடி வந்தார்கள். அம்மா கதவு மாதிரி நட்டிருந்த சட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள், திரும்பினாள். "அம்மா, திரும்பாதீங்க, போங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மறுபடி மணி. மறுபடியும் அம்மா அங்கேயே நின்று திரும்பினாள்.

"அவரு இன்னும் வர்ல சார்" என்றாள்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நைனா கடைசி ஆளாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "மானத்த வாங்கறா" என்று பல்லைக் கடித்தார். ஆனால் சென்னையிலிருந்து வந்திருந்த பெரியவர் எழுந்து கை தட்டினார். இதுதான் வேண்டும், இந்த அம்மா இப்படியே செய்யட்டும் என்று திரும்பத் திரும்ப மணி அடிக்க வைத்தார். அம்மாவும் சளைக்காமல் திரும்பினாள். அவளுக்கு அது நடிப்பே இல்லை.

நைனா வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பார். அம்மா குடத்துத் தண்ணீரோடு முன்னால் படியேறுவாள், நைனா காவடியோடு பின்னால் வருவார். கூட்டத்தில் அவர் தெரிகிறாரா என்று நாலு படிக்கு ஒரு முறை அம்மா திரும்பிப் பார்ப்பாள். முள்ளுக்கட்டும் புல்லுக்கட்டும் சுமந்து சுமந்து அவளுக்குக் கழுத்து திரும்பாது. அதனால் இடுப்போடு சேர்ந்து உடம்பு முழுவதும் திரும்பும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் முன்னால் நடப்பாள். மற்ற நாளெல்லாம் நைனா முன்னால். அவர் நடை ஓட்டத்துக்குச் சமம். ஒரு நாளும் திரும்பிப் பார்க்க மாட்டார். அம்மா பின்னாலேயே ஓடிக்கொண்டு, காதில் விழுகிறதோ இல்லையோ, பேசிக்கொண்டே வருவாள்.

அன்றைக்கு மண்டபத்துக்கு வரலட்சுமி மேடமும் வந்திருந்தார். அம்மா பட்டைகளைக் கழற்றினதும் நேராக அவரிடம் போய், "எம் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிட்டு சும்மா கீறா. அவ இந்த வேலைக்கு வர்லாங்களா?" என்று கேட்டாள். நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்படித்தான் நான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

சேர்ந்த வருஷமே பங்குனியில் அம்மா செத்துப்போனாள். வேர்க்கடலைக் கொல்லையில் வேலை முடித்து, சாயங்காலம் இரண்டு பேரும் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். வழக்கம்போல நைனா முன்னால். அம்மா பின்னால் மார்வலியோடு வரப்பில் விழுந்திருக்கிறாள். இவர் பாட்டுக்கு நடந்து, ரோட்டுக்கு வந்து, டீக்கடையில் இரண்டு டீ சொல்லி, டீ வந்த பிறகுதான் ஆள் இல்லை என்று பார்த்திருக்கிறார். எப்படி இருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். நான் அதை நம்பவில்லை. ஆனால் நைனாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சோறு போட்டேன், துணி துவைத்துப் போட்டேன், முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் வகுப்பில் இந்தப் பாடம் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டேன். மணி அடித்தது. செம்பட்டை முடிக்காரி எழுந்து வந்தாள். இடது பக்கம் கொஞ்சம் சாய்கிற நடை. அது எனக்குத் தெரிந்த நடை. அவள் கதவுக்கு முன்னால் நின்று, கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், இல்லாத கொண்டையைச் சரிசெய்துகொண்டு, கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினாள். மற்ற பெண்கள் முறை வைத்து அவளைத் தள்ளினார்கள். வாசலைத் தாண்டும்போது அவள் இடது கை கீழே போய், பேன்ட்டின் மேல் இரண்டு விரலால் காற்றைப் பிடித்துத் தூக்கியது. புடவைக் கொசுவம் கால் தடுக்காமல் இருக்கத் தூக்குகிற கை அது. அதைப் பார்த்து என் பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

என் முறை வந்தபோது குரலே எழும்பவில்லை. அம்மா நின்றாள், திரும்பினாள், பார்த்தாள். புகை இறங்கியது. எல்லாம் கறுப்பானது. ஒரு பயணி உள்ளேயே தங்கிவிட்டார் என்று எழுத்து வந்தது. அம்மா உண்மையில் செத்தது ஒரு தடவைதான். அதற்கப்புறம் அவளை எத்தனை தடவை சாகவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

இதில் தேறினால்தான் சென்னையில் நிஜமான மாதிரி விமானத்தில் ஏறவிடுவார்கள். வீட்டில் பழகு என்று மேடம் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார். அப்படித்தான் விமானம் எங்கள் வீட்டுக்கு வந்தது, அம்மாவும் வந்தாள்.

நைனாவிடம் நான் சொல்லவில்லை. அவராகவே ஒரு நாள், "இன்னாத்த பாத்து இப்டி அழுவுற? குடு பாக்கலாம்" என்று கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். தேறுகிறோமா இல்லையா என்று கணக்கு எடுக்காமல் சும்மா ஓடவிடும் வசதி அதில் உண்டு. ஓடவிட்டேன். அவர் கை வைத்த பனியனோடு நடுவீட்டில் நின்று சுவரையும் கூரையையும் பார்த்தார். மணி அடித்தது அவருக்கு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முன்வாசலைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மோனி" என்றார். "உங்கம்மா."

அவள் முகம் அம்மாவுடையது இல்லை, உயரம் இல்லை, நிறம் இல்லை. யாரும் சொல்லாமல், ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது திரும்பிப் பார்க்காத மனுஷனுக்கு அவள் நடை எப்படித் தெரிந்தது?

அன்றிலிருந்து அவருக்கு இதே வேலையாகிவிட்டது. வயல் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்து குளித்துவிட்டு ஒரு தடவை. சில நாள் வேலைக்கே போவதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்வாசல் பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார். நான் பழக நின்றால், "மெதுவா சொல்லு மோனி. அவள போய் இப்டி கத்துறியே" என்பார். இத்தனை வருஷம் வீட்டில் கத்தினது யார் என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன். குரல் இறங்கிவிடும். புகை வந்துவிடும்.

போன வாரம் மேடம் போன் செய்தார். நைனா பக்கத்தில்தான் இருந்தார்.

"மோனிகா, உனக்கு என்னதான் ஆச்சு? வியாழக்கிழமை கடைசி. வீட்லேருந்தே பண்ணு, ரிசல்ட் எனக்கு வந்துடும். தேறிட்டா கண்ணாடியைத் திருப்பிக் குடுத்துட்டு உடனே சென்னைக்கு வா. இல்லேன்னா நீ அடுத்த பேட்ச்லதான். அது எப்ப வரும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் கண்ணாடியை வெச்சுப் பழகிக்கோ."

போனை வைத்தேன். நைனா தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த பேச்சுல போனா இன்னாமா? அதுவரைக்கும் கண்ணாடி இங்கயே இருக்குமில்ல?" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "உனக்கு இன்னா? நீ ஒக்காந்து பாத்துகினே இருப்ப. நான் தெனம் அவ பொகையில நிக்கறத பாக்கணும். இப்ப இப்டி பாக்கற ஆளு, அன்னிக்கு வரப்புல ஒரே ஒரு தபா திரும்பிப் பாத்திருந்தா இன்னா?"

நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சோற்று நேரத்துக்கும் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. விஜி அக்காவை அனுப்பித் தேடச் சொன்னேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், டீ கூடக் குடிக்கவில்லை என்று வந்து சொன்னாள்.

மறுநாள் அவரே கண்ணாடியைக் கேட்டார். போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போகவில்லை. மெதுவாகப் பின்வாசல் பக்கம், அடுப்பங்கரை ஓரமாகப் போய்க் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இங்கதானே மோனி நான் ஒக்காந்துகினு இருந்தேன். கடைசி வரிச. எவனோ தொப்பி போட்டவன் கீறான். நான் எங்க கீறேன்?"

எனக்கும் தெரியவில்லை. ஸ்ரீதர் அண்ணனுக்குப் போன் போட்டு, நைனாவும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"கோதண்டம் மாமாவா? அவரு எப்டி வருவாரு? பட்டையே கட்டிக்கலியே. பட்டை கட்னவங்கள மட்டும்தான் மிஷினு எடுக்கும். மத்தபடி அவரு அங்க இருந்ததும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

"தோலு பட்ட, நான் மாலை போட்டிருந்தேன்" என்றார் நைனா, போனைப் பார்த்து.

"தோலா? அது ரப்பரும் துணியும் மாமா. யாரு சொன்னா தோலுன்னு?"

நான் போனை அணைத்தேன். நைனா கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"அப்ப அவ யார தேடிகினு கீறா?" என்றார்.

என் கையில் இருந்த கண்ணாடியைக் காட்டினார்.

"நான் பின்னாடி வந்துகினு கீறேன்னு நெனச்சிகினு திரும்பித் திரும்பிப் பாக்கறா. நான் அதுல இல்லவே இல்ல. எத்தினி வாட்டி பாத்தாலும் நான் வரப் போறதில்ல. அது தெரியாம நின்னுகினே கீறா." அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். அம்மாவைத் தூக்கும்போதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. ஆட்கள், சாமான், மேளம் என்று ஓடிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கோபம் எங்கேயும் போய்விடவில்லை. அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் அவர் கண்ணாடியைத் தொடவில்லை.

வியாழக்கிழமை காலையில் எழுந்தால் நைனா குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். பொங்கலுக்கு அம்மா எடுத்துக் கொடுத்த சட்டை. ஆடுகளைத் தெருவோரம் மாற்றிக் கட்டியிருந்தார். நடைபாதையில் இருந்த குடம், முறம், பாய் எல்லாவற்றையும் எடுத்து ஓரம் வைத்திருந்தார்.

"நான் நிக்கறதால உனுக்கு மார்க்கு போயிடுமா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. குறுக்க ஆள் வந்தா கண்ணாடி கண்டுக்காது."

"அப்ப நான் எங்க நிக்கணும் சொல்லு. கடைசி வரிச எது?"

அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுப்பங்கரை ஓரம் நிற்கச் சொன்னேன். தொப்பிக்காரன் இடத்தில் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். தொப்பிக்குள் நைனாவின் நரைத்த தலை தெரிந்தது.

மணி அடித்தது. புகை வந்தது. நான் கத்தினேன். இருக்கைகள் காலியாகத் தொடங்கின. அம்மா எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து நடந்து, கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கொண்டையைத் தொட்டாள். உடம்போடு திரும்பினாள்.

"இப்ப வா நைனா."

நைனா நடந்து வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, வெறும் வீடுதான் தெரியும். இருக்கைகளுக்குள் முழங்கால் புகுந்து வெளியே வந்தது. இந்த ஒரு தடவை அவர் வேகமாக நடக்கவில்லை.

"இன்னும் ரெண்டடி. ஆங், அங்கதான். நீ அவ எதுருல கீற."

நின்றார். அம்மாவின் முகம் எங்கே இருக்குமோ அங்கே பார்த்தார். அம்மா குள்ளம், அவர் மார்பு உயரம்தான் இருப்பாள். அவர் அந்த உயரத்தில், வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை வெள்ளைக்காரியின் கண் அவர் தலைக்கு மேலே கடைசி வரிசையைத் தேடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மேலே பாருங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர் பார்த்த இடம்தான் சரி.

"மணி" என்றார். அவர் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "நான் வந்துட்டேன். முன்ன போறேன், நீ பின்னாலயே வா."

சொல்லிவிட்டு அவளைத் தாண்டி வாசலுக்கு வெளியே போனார். தெருவில் நின்று வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கையை நீட்டினார், படியிறங்குகிறவர்களுக்குப் பிடிமானம் கொடுக்க நீட்டுவது போல.

புகை என் தோள்வரை இறங்கிவிட்டது. அம்மா இன்னும் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குச் சொல்ல என்னை விட்டால் யாரும் இல்லை.

நான் கத்தினேன். இங்கிலீஷில் கத்தினேன். அப்புறம், "போம்மா! நைனா வெளிய கீறாரு, போம்மா!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்துவிடும் போல இருந்தது. அவள் முதுகில் இரண்டு கையையும் வைத்தேன். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பட்டது மாதிரி நினைத்துக்கொண்டு தள்ளினேன். அம்மா முன்பக்கம் திரும்பினாள். எங்கள் வீட்டு வாசற்படியில் அவள் இடது கை கீழே போய்க் கொசுவத்தைத் தூக்கியது. கால் எடுத்து வைத்தாள்.

வாசலைத் தாண்டுகிற பயணியை அந்தக் கண்ணாடி அப்புறம் காட்டாது. தாண்டிவிட்டால் கணக்கு முடிந்தது. அம்மா நைனாவின் கைக்கு ஒரு முழம் முன்னால் இல்லாமல் போனாள். எல்லாரும் வெளியேறிவிட்டார்கள் என்று பச்சை எழுத்து வந்தது. நான் தேறிவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினேன். வீடு வெறுமையாக இருந்தது. எதிரில் விஜி அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேலி எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நைனா இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தார்.

"வந்துட்டாளா?" என்று கேட்டார்.



"ஆங் நைனா" என்றேன். "வந்துட்டா."

அவர் தலையாட்டினார். நீட்டிய கையை மெதுவாக மூடி இறக்கிக்கொண்டார். பிறகு டீக்கடைப் பக்கமாக, சின்னச் சின்ன அடியாக வைத்து நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, திரும்பிப் பார்த்தார்.